தரம் 10இல் ஓ எல் ஆங்கிலம் தொடங்கும் வன்னிப் பிள்ளைக்கு

தரம் 9 முடியும் தறுவாயில் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் தருவார்கள். ஓ எல்லுக்கு, அதாவது தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சைக்கு, எந்தத் தொகுதிப் பாடங்களை எடுக்கப் போகிறாய் என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். சிலவேளை அம்மாவும் கூட வருவார். "சேர், இங்கிலிஸ் லிற்றரேச்சர் எடுக்கட்டோ? எங்கட பிள்ளையளுக்கு அது சரிவருமோ?" என்பதுதான் கேள்வி.

சரிவரும். எப்படிச் சரிவரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லிற்றரேச்சர் எடுக்காத பிள்ளைக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும், ஏனென்றால் ஆங்கில மொழி எல்லோருக்கும் கட்டாயப் பாடம்.

தொடங்க முதல் ஒரு விசயம். வன்னியில், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ படிக்கிற பிள்ளை ஆங்கிலத்துக்கு வெறுங்கையோடு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. உவமை, உருவகம், வஞ்சப்புகழ்ச்சி, கூற்று, பொழிப்பு, நயம் என்று தமிழ் ரீச்சர் இத்தனை வருடமாகச் சொல்லித் தந்ததெல்லாம் ஆங்கிலக் கவிதை படிக்க வேண்டிய கருவிகளேதான். அவற்றை எடுத்துப் பாவிக்க யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் குறை.

இரண்டும் வேறு வேறு பாடம்

ஆங்கில மொழி என்பது ஒன்று. ஆங்கில இலக்கிய நயம் என்பது இன்னொன்று, அதைத்தான் லிற்றரேச்சர் என்கிறோம். முதலாவது கட்டாயம். இரண்டாவது இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் எல்லாம் இருக்கிற அதே தொகுதி. அந்தத் தொகுதியில் ஒன்றைத்தான் எடுக்கலாம், ஆகவே லிற்றரேச்சர் எடுத்தால் மற்றவற்றை விட வேண்டிவரும். நல்லாகச் சித்திரம் கீறுகிற பிள்ளை, அல்லது சின்னதிலிருந்தே நடனம் பழகுகிற பிள்ளை, அதை விட்டுவிட்டு மரியாதைக்காக லிற்றரேச்சருக்கு வர வேண்டாம். கதை கேட்க விருப்பமான பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் கவிதை வந்தால் நிமிர்ந்து உட்கார்கிற பிள்ளை, தயங்காமல் வரலாம்.

அடுத்து உங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வன்னியில் எல்லா இடத்திலும் இல்லை. இல்லையென்றால் அதிபரோடு கதையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஆசிரியரிடம் கிழமைக்கு ஒருநாள் போய்ப் படிக்க வழி உண்டா, வலயக் கல்வி அலுவலகத்து ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகரிடம் உதவி கேட்கலாமா என்று பாருங்கள். கேட்கிற பெற்றோருக்குத்தான் வழி பிறக்கிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மொழிப் பாடத்துக்கு இரண்டு வினாத்தாள். முதலாவது ஒரு மணித்தியாலம், இரண்டாவது இரண்டு மணித்தியாலம். இரண்டிலும் சேர்த்து 16 பயிற்சிகள் வரும். வாசித்து விளங்குவது, இடைவெளி நிரப்புவது, சின்னக் குறிப்பு எழுதுவது, ஒரு கடிதம் அல்லது வரைபு விளக்கம் ஏறக்குறைய 100 சொல்லில், கடைசியாக 200 சொல் அளவில் ஒரு கட்டுரை. 75 எடுத்தால் ஏ, 65 எடுத்தால் பி, 50 எடுத்தால் சி, 35 எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி. லிற்றரேச்சரில் கவிதை, சிறுகதை, நாடகம், நாவல்.

"இங்கிலிஸ் போனாலும் ஏ எல் படிக்கலாம்தானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. படிக்கலாம். ஏ எல் என்கிற உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் போனால்தான் சிக்கல், ஆங்கிலத்துக்கு அந்த விதி இல்லை. ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. ஏ 9 வீதியால் பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகை தெரியும். உள்ளே விரிவுரை முழுக்க ஆங்கிலம். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை அங்கே போய் முதல் வருடம் விரிவுரை விளங்காமல் அழுததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்கான மருந்து தரம் 10இல் இருக்கிறது.

புத்தகம்

பாடநூல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. தொலைந்துவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பிடிஎஃப் ஆக எடுக்கலாம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் கிடைக்கும். ஆசிரியர் வழிகாட்டியை மாணவர் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. ஒரு பாடத்தில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கும். டேட்டா செலவாகும் என்றால் ஒருவர் இறக்கி மற்றவர்களின் போனுக்கு அனுப்பிவிடுங்கள், ஒருதரம் செய்தால் இரண்டு வருடத்துக்குப் போதும்.

லிற்றரேச்சர் நூல்ப் பட்டியல் இடைக்கிடை மாறும். அண்ணாவின் கொப்பி, அக்காவின் நோட்ஸ் என்று நம்பித் தொடங்காமல், நீங்கள் பரீட்சை எடுக்கிற வருடத்துக்குரிய பட்டியலை முதலில் பாருங்கள்.

ஒரு அகராதி வேண்டும். தொடக்கத்தில் ஆங்கிலம்-தமிழ் போதும். தரம் 11இல் ஆங்கிலம்-ஆங்கிலம் பழகுங்கள்.

வாசிப்பு வீட்டிலேயே இருக்கிறது

வாசிக்க ஆங்கிலப் புத்தகம் இல்லை, பத்திரிகை வருவதில்லை என்பார்கள். சரி, வீட்டுச் சாமான்களைப் பாருங்கள். பிஸ்கற் பெட்டி, பால்மா பைக்கற், வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல், எல்லாவற்றிலும் மூன்று மொழியும் இருக்கிறது. பக்கத்திலேயே தமிழ் விடையோடு கூடிய வாசிப்புப் பயிற்சி அது.

இப்படிச் செய்யுங்கள். அப்பா பாவிக்கிற பூச்சிமருந்துப் போத்தலின் லேபிளை, போத்தலைத் திறக்காமல், ஆங்கிலத்தில் மட்டும் வாசியுங்கள். தமிழ்ப் பகுதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு அறுவடை செய்யலாம், கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு கையை எடுத்துத் தமிழைப் பாருங்கள். ஐந்து லேபிள் இப்படிப் பார்த்த பிள்ளைக்குக் கட்டளை வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று இலக்கணம் சொல்லத் தேவையில்லை. வினைச்சொல்லோடு தொடங்கும் என்று அதுவே சொல்லும்.

அப்புறம் குளங்கள். இரணைமடுவிலிருந்து சின்னக் கிராமத்துக் குளம் வரைக்கும் பெயர்ப்பலகைகளில் 'டாங்க்' என்று இருக்கும். இலங்கை ஆங்கிலத்தில் குளத்துக்கு அதுதான் சொல். அதே சொல் வீட்டுக் கூரையில் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்கும் வரும், யுத்த டாங்கிக்கும் வரும். வெளிநாட்டுக் கதையில் அந்தச் சொல்லைக் கண்டுவிட்டு ஒரு பிள்ளை, வீரர்கள் குளத்துக்குள் ஏறி உட்கார்ந்தார்கள் என்று எழுதியது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பொருள் சரியானதுதான், அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. ஒரு சொல்லின் பொருளைப் பக்கத்தில் நிற்கிற சொற்கள்தான் முடிவு செய்யும். ஆகவே கொப்பியில் புதுச்சொல் எழுதும்போது சொல்லையும் தமிழ்ப் பொருளையும் மட்டும் எழுதாமல், அது வந்த வசனத்தை முழுதாக எழுதுங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். இருபது எழுதினால் ஒன்றும் நிற்காது.

கேட்பதற்கு பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தளத்தில் '6 மினிட் இங்கிலிஷ்' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. பெயரைப் போலவே ஆறு நிமிடம், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். முதல் தரம் கேளுங்கள், இரண்டாம் தரம் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

வசனம் எங்கே முறிகிறது

தமிழ்ப் பிள்ளைகள் விடுகிற பிழைகள் எங்கள் மொழியின் அமைப்பிலிருந்து வருகின்றன. இது தெரிந்தால் வெட்கம் போய்விடும்.

'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு விளங்கவில்லை', 'எனக்குக் காய்ச்சல்' என்று தமிழில் 'எனக்கு' போட்டுச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இடமெல்லாம் 'நான்' வந்தாக வேண்டும். பசியாயிருப்பதும், விளங்காமல் நிற்பதும், காய்ச்சலை வைத்திருப்பதும் நான். 'மழை பெய்கிறது' என்பதற்குக்கூட முன்னால் ஒரு 'இட்' போடாமல் ஆங்கிலம் விடாது. லேபிளில் பார்த்த கட்டளை வாக்கியம் தவிர, எழுவாய் இல்லாத வசனத்தை அந்த மொழி தாங்காது.

இன்னொன்று சொல்லொழுங்கு. தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். வேற்றுமை உருபு தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்கிற சொல் பெயருக்கு முன்னால் வரும். 'ஏ', 'த' இரண்டுக்கும் தமிழில் நேர்ச்சொல் இல்லை, அதனால்தான் மறந்துபோகிறோம். எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் கீழே கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏதாவது வேண்டுமா என்று ஒருமுறை பாருங்கள். இந்த ஒரு பழக்கம் நிறையப் புள்ளியைக் காப்பாற்றும்.

கட்டுரை பற்றி

பாடமாக்கிய கட்டுரை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாடமாக்காதீர்கள்.

ஒரு தங்கச்சி பொழுதுபோக்கு பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். முத்திரை சேகரிப்பதாம். அழகான வசனங்கள், ஒரு பிழையும் இல்லை. ரியூசனில் கொடுத்த கட்டுரை. "முத்திரை எத்தனை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடம் விட்டுப் போய் என்ன செய்வாய்?" என்றேன். "குளத்தடியில மேயிற மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு வருவன் சேர், பிறகு கண்டை அவிட்டு விடுவன்" என்றாள். அதை எழுது என்றேன். ஆங்கிலத்தில் எழுதலாமா என்று என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். மாட்டுக் கண்டுக்கு, அணைக்கட்டுக்கு, மணிக்கு, பொழுதுபடுகிற நேரத்துக்கு என்று நாலைந்து சொல் கேட்டாள். பதினொரு வசனம் எழுதினாள். மூன்று பிழை இருந்தது. ஆனால் அந்தப் பதினொன்றில் ஒன்று, எந்த மாடு முதலில் திரும்பி நடக்கும், மற்றவை அதன் பின்னால் எப்படி வரும் என்பதைச் சொன்னது. ஒரே வினாத்தாள் கட்டில் ஐம்பது முத்திரைக் கட்டுரை திருத்திக் களைத்த ஒருவர் அந்த வசனத்தில் நின்று வாசிப்பார்.

உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்ததை எழுதுங்கள். காலபோக விதைப்பு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்பது, அம்மம்மா கச்சான் காயப்போடுவது. பாடமாக்கிய கட்டுரை தலைப்புக் கொஞ்சம் மாறினால் உடைந்துவிடும். தன் வாழ்க்கையை எழுதப் பழகிய பிள்ளை எந்தத் தலைப்பையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

ஒரு கவிதையை எப்படி வாசிப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போவோம். ஓ எல் தொகுப்பில் இருந்துவந்த ஒரு கவிதையை எடுக்கிறேன். அமெரிக்கரான ஸ்டீபன் கிரேன் எழுதிய 'வோர் இஸ் கைண்ட்'. 1899இல் நூலாக வந்தது. கிரேன் 1871இல் பிறந்தவர், அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்தது 1865இல். தான் பிறக்க முதல் முடிந்த யுத்தத்தின் நிழலில் வளர்ந்தவர். இன்று தரம் 10இல் இருக்கிற வன்னிப் பிள்ளைகளும், எங்கள் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

முதலில் அகராதி இல்லாமல் இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள். விளங்காத சொல்லில் நிற்காதீர்கள். எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் காதால் பிடியுங்கள். அழாதே, யுத்தம் இரக்கமானது என்கிற வரி வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, யார் யாருக்குச் சொல்வது? தமிழில் அகப்பாடல் படிக்கும்போது தலைவி கூற்று, தோழி கூற்று என்று முதலில் கூற்றைத்தானே பார்ப்போம், அதையே இங்கேயும் செய்யுங்கள். ஐந்து பந்திகளில் முதலாவது காதலனை இழந்த பெண்ணிடம், மூன்றாவது தகப்பனை இழந்த குழந்தையிடம், ஐந்தாவது மகனை இழந்த தாயிடம் சொல்லப்படுகிறது. நடுவில் வருகிற இரண்டாவதும் நான்காவதும் யாரிடமும் ஆறுதல் சொல்லவில்லை. அவற்றில் முரசும் கொடியும் படையும்தான். அச்சில் அந்த இரண்டு பந்தியும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு குரல் மாறி மாறிக் கேட்கிறது. பரீட்சையில் இரண்டு மூன்று வரி கொடுத்து, எந்தப் படைப்பு, யார் எழுதியது, யார் யாருக்குச் சொல்வது என்று கேட்பார்கள். கூற்றைப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அது சின்ன வேலை.

மூன்றாவது, இப்போது அகராதி. 'கைண்ட்' என்றால் வகை என்றும் இருக்கும், இரக்கமுள்ள என்றும் இருக்கும். எது? சரி, இரக்கம் என்று எடுப்போம். இறந்த மகனின் தாயிடம் யுத்தம் இரக்கமானது என்று ஒருவர் சொல்வாரா? அந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒரு தம்பி கோபமாகவே கேட்டான், "இந்தாள் என்ன சேர், விசரனோ?" அந்தக் கோபம் வர வேண்டும். கவிஞர் எதிர்பார்த்ததும் அதுதான்.

நான் அப்போது ஔவையாரைக் கூப்பிட்டேன். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்து, உன் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. வாய் புகழ்கிறது, பொருள் இகழ்கிறது. வஞ்சப்புகழ்ச்சி என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது. அதேதான் பிள்ளைகள், ஆங்கிலத்தில் ஐரனி என்பார்கள். இரண்டும் முழுக்க ஒன்றல்ல, ஐரனி இன்னும் அகலமானது, அதில் வேறு வகைகளும் உண்டு. ஆனால் கதவைத் திறக்க இந்தச் சாவி போதும்.

நான்காவது, ஒரு உவமையைத் தெரிந்தெடுத்து அதோடு இருங்கள். கடைசிப் பந்தியில் தாயின் மனம், மகனைப் போர்த்திய பளபளக்கும் துணியில் ஒரு பொத்தானைப் போலத் தொங்கியதாகக் கிரேன் சொல்கிறார். ஏன் பொத்தான்? சின்னது. யாரும் பார்க்காதது. ஆனால் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டது, பிரியாது. இதை நான் சொல்லவில்லை, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை சொன்னது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் சுவரில் மாலை போட்ட படம் இல்லாத வீடு குறைவு. இந்தக் கவிதையைப் படிப்பிக்கும்போது எந்தப் பிள்ளையிடமும் உன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். தானாகக் கதைத்தால் கேளுங்கள். விடைத்தாளிலும் சொந்த இழப்பை எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்தத் தாயை விளங்கிக்கொள்ள அது உள்ளே இருந்து உதவும், அதுவே போதும்.

பொழிப்பு எழுதாதீர்கள், நயம் எழுதுங்கள்

லிற்றரேச்சரில் புள்ளி குறைவதற்கு நான் கண்ட பெரிய காரணம் ஆங்கிலப் பிழை அல்ல. கேள்விக்கு விடை எழுதாமல் கதைச் சுருக்கம் எழுதுவதுதான். தமிழ்ப் பாடத்தில் பொழிப்பு வேறு, நயம் வேறு என்று தெரிந்த அதே பிள்ளை ஆங்கிலத்தில் மறந்துவிடுகிறது.

'தாயிடம் கவிஞர் அழாதே என்கிறார். அவளுடைய மகன் இறந்துவிட்டான். அவனுக்குத் துணி போர்த்தியிருக்கிறது' என்று எழுதினால் அது பொழிப்பு. 'தாயின் மனத்தைக் கவிஞர் பொத்தானோடு ஒப்பிடுகிறார். பளபளக்கும் துணியில் பொத்தான் கண்ணில் படாதது போல, படை மரியாதையின் பகட்டில் தாயின் துயரம் கண்ணில் படாமல் போகிறது' என்றால் அது நயம். முதலில் சொல்ல வந்த கருத்து, அடுத்ததாகப் பாட்டிலிருந்து ஒரு சொல்லோ ஒரு வரியோ ஆதாரம், பிறகு அந்த ஆதாரம் கருத்தை எப்படிக் காட்டுகிறது என்ற விளக்கம். ஒரு பந்திக்கு ஒரு கருத்துப் போதும். முதலில் தமிழில் யோசித்து மூன்று வசனமாக எழுதி, பிறகு எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். தரம் 11 நடுப்பகுதியில் தமிழில் எழுதுகிற அந்தப் படி தானாகக் குறைந்துவிடும். பெரிய சொல் தேவையில்லை, சரியான இடத்தில் நிற்கிற சின்னச் சொல் வேண்டும்.

நாவலில் தெரிவு உண்டு. வகுப்பில் எதைப் படிப்பிக்கிறார்களோ அதையே எடுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் யார் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று நாலு வரி எழுதி வையுங்கள். நாடகத்தை மட்டும் தனியே வாசிக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்து, பாத்திரம் பிரித்து, மாமர நிழலில் சத்தமாக வாசியுங்கள். உச்சரிப்புக்கும் அது பயிற்சி.

கடைசி ஆறு மாதம்

கடந்தகால வினாத்தாள் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வட மாகாணத் தவணைப் பரீட்சைத் தாள்களும் உதவும். முதல் இரண்டைப் புத்தகம் பார்த்துச் செய்யுங்கள், மற்ற மூன்றையும் மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். பரீட்சைத் திணைக்களம் மதிப்பீட்டு அறிக்கைகளும் வெளியிடுகிறது. எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எதற்குப் புள்ளி கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு ஒன்றையாவது வாசியுங்கள்.

நேரம் நாளுக்கு அரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும். மாரியில் பாதை வெள்ளத்தால் மூடி வகுப்புக்குப் போக முடியாத நாட்கள் வரும், கரண்ட் நிற்கும். அந்த நாட்களுக்கென்று ஒரு கவிதையைக் கையால் எழுதிக் கொப்பிக்குள் வைத்திருங்கள்.

பரீட்சையன்று மொழி இரண்டாம் வினாத்தாளில் கட்டுரைக்குக் குறைந்தது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். அதில் ஐந்து நிமிடம் யோசிக்க, ஐந்து நிமிடம் கடைசியில் பெயர்ச்சொற்களுக்குக் கோடு போட்டுத் திருத்த. கோடு பென்சிலால் போடுங்கள், பார்த்து முடிந்ததும் அழித்துவிடுங்கள்.